ஓட்டுநரும் ஓர் ஆசிரியரே!

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

காலை ரயிலில் வந்து இறங்குகிறார்கள். இரவு ரயிலில் ஏறிப் போகிறார்கள். இடையில் கிடைக்கும் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் மதுரை மாநகரைப் பார்த்து முடித்துவிட வேண்டும். மறுநாள் இராமேசுவரம், அதற்கு மறுநாள் கன்னியாகுமரி என்று அவர்களுடைய பயணத் திட்டம் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது. அவர்களுக்காக ரயில் நிலைய வாயிலில் ஒரு வாடகைக் கார் காத்து நிற்கிறது. காரின் அருகே வெள்ளைச் சட்டை அணிந்த ஒரு மனிதர் நிற்கிறார். அவர்தாம் அன்றைய பொழுதுக்கு அவர்களின் வழித்துணை. ஊர் எப்படி என்று அவர்கள் பின்னாளில் தம் வீட்டாருக்குச் சொல்லப்போவதில் பாதி அவர் காட்டியதாகவும் சொன்னதாகவும்தான் இருக்கும்.

அப்படி நிற்கும் மனிதர்களில் ஒருவர் என் தந்தை.

நான் வரலாறு படிக்கும் மாணவன். என் தந்தை ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு முதலாளியின் சுற்றுலாக் காரை ஓட்டி வருகிறார். எங்கள் இருவரில் மதுரையை அறிந்தவர் யார் என்ற கேள்விக்குச் சென்ற மே மாதம் எனக்கு விடை கிடைத்தது. அந்த விடையை நம் கல்லூரி மலரில் எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

எட்டு மணி நேரமும் எண்பது கிலோமீட்டரும்

வாடகைக் காரில் ஊர் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர் என்று ஒரு தொகை பேசுவார்கள். அதற்கு மேல் ஓடினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு, நேரம் கூடினால் மணிக்கு இவ்வளவு. ஓட்டுநருக்குப் பேட்டா தனி. வண்டியில் ஏறும்போதே பயணியின் கையில் ஓர் அட்டை கொடுக்கப்படுகிறது. மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி நினைவு அருங்காட்சியகம், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், அழகர்கோயில், பழமுதிர்சோலை என்று அதில் இடங்கள் வரிசையாக இருக்கும். இப்போது கீழடியும் சேர்ந்திருக்கிறது. அங்கே அருங்காட்சியகம் 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்டதிலிருந்து அதைக் கேட்டு வருவோர் பலர்.

அட்டையிலுள்ள அத்தனை இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று பயணி நினைக்கிறார். கொடுத்த காசுக்கு ஓர் இடம் குறைந்தாலும் ஏமாந்துவிட்டதாக வருந்துகிறார். ஓடி ஓடிப் பார்த்தவருக்கு மாலையில் எந்தத் தூண் எந்த மண்டபத்தில் நின்றது என்பதே மறந்துவிடுகிறது. கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி உட்கார்ந்து எழுந்தவனுக்கு எந்தப் பந்தியின் சுவையும் நாவில் நிற்காது அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

எனவே ஒரு நாள் சுற்றுலாவே பயனற்றது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அவ்வாறு சொல்லமாட்டேன். எல்லோருக்கும் பத்து நாள் விடுப்பு கிடைப்பதில்லை. எல்லோராலும் வெயிலில் பேருந்துக்கு நிற்க முடிவதில்லை. முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் வாடகைக் கார் ஒரு வரம். ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் அந்த ஒரு நாளை எப்படிப் பயன்படுத்துவது என்பதே கேள்வி. அதற்கு விடை தெரிந்தவர் முன் இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவரிடம் யாரும் கேட்பதில்லை என்பதே என் குறை. முதலில் கேட்காதவன் நானே.

காலவரிசைப்படி ஒரு பயணம்

சென்ற மே மாத விடுமுறையில் புனே நகரிலிருந்து ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் துணைவியாரோடும் பேத்தியோடும் வந்திருந்தார். தமிழ் அறியாதவர்கள். ஆங்கிலம் பேச ஆள் வேண்டும் என்று அப்பா என்னை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டார். எனக்கோ பெருமிதம் தாங்கவில்லை. முதல் நாள் இரவே நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஒரு திட்டம் தீட்டினேன். வரலாற்று மாணவன் அல்லவா? எல்லாவற்றையும் காலவரிசைப்படி அமைத்தேன்.

முதலில் திருப்பரங்குன்றம், அது எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைவரை. அடுத்து கீழக்குயில்குடிச் சமணர் மலை. அங்குள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பின்னர் மீனாட்சியம்மன் கோயில். அதன் தெற்குக் கோபுரமும் ஆயிரங்கால் மண்டபமும் பதினாறாம் நூற்றாண்டின் ஆக்கங்கள். பிறகு 1636ஆம் ஆண்டில் எழுந்த மகால். அதன்பின் தெப்பக்குளம். இறுதியாக, 1959ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரதமர் நேரு திறந்து வைத்த காந்தி அருங்காட்சியகம். எட்டாம் நூற்றாண்டில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டில் முடியும் இந்தப் பயணத்தைப் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

அப்பா அட்டவணையைக் கேட்டுவிட்டு, “கோயிலுக்கு மொதல்ல போயிருவோம்டா. பன்னண்டரைக்கு நடை சாத்திருவாங்க. மே மாசத்துல மலைய பத்து மணிக்கு ஏறுறது பெரியவங்களுக்கு ஆகாது” என்றார்.

“அப்படிப் போனால் வரிசை கெட்டுவிடும் அப்பா” என்றேன் நான்.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கல்லூரியில் படிக்கும் மகன் சொல்கிறான். அவனுக்குத் தெரியாததா என்று எண்ணியிருப்பார்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமணர் மலைப் படிகளில் பாதி தூரம் ஏறியதும் அந்த ஆசிரியரின் துணைவியார் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். கீழே இறங்கி, நகருக்குள் நுழைந்து, கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டிக்கு அனுமதி இல்லாததால் தொலைவில் இறங்கி, செருப்பையும் செல்பேசியையும் கொடுத்துவிட்டு வாயிலை அடைந்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. நடை சாத்திவிட்டார்கள். இனி நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். கல் பரப்பிய தரை அடுப்புச் சட்டியாய்க் கொதித்தது. வெறுங்காலோடு அந்த முதியவர் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்ற காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

அப்பாவை அழைத்தேன். “அங்கனயே நெழல்ல நில்லுங்க, வர்றேன்” என்றார். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து நடந்தே வந்தார். கையில் தண்ணீர்ப் புட்டிகள் இருந்தன. எந்தப் பக்கம் எந்த நேரத்தில் நிழல் விழும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சுவரோரமாகவே அவர்களை நடத்திப் போய்ச் செருப்பை மீட்டுக் கொடுத்து, காரமில்லாத சாப்பாடு கிடைக்கும் ஓர் இடத்தில் அமர வைத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் இழப்பு அதோடு முடியவில்லை. மதிய வெயிலில் மகாலைப் பார்த்து, நான்கு மணிக்குக் கோயிலுக்குத் திரும்பி, வெளியே வந்தபோது காந்தி அருங்காட்சியகம் மூடும் நேரமாகிவிட்டது. அப்போதுதான் அந்த ஆசிரியர் மெல்லச் சொன்னார்: காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த குருதி தோய்ந்த துணி இங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதற்காகவே தாம் மதுரையில் இறங்கியதாகச் சொன்னார். காலையிலேயே அவரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. என் காலவரிசையில் அருங்காட்சியகம் கடைசி இடத்தில் இருந்தது. அவர் மனத்திலோ அது முதலிடத்தில் இருந்தது.

தேதியும் வாசலும்

இரவு ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. அப்பா யாரிடமும் எதுவும் சொல்லாமல் வண்டியை மேலமாசி வீதிப் பக்கம் திருப்பினார். கதர்க் கடை உள்ள ஒரு பழைய கட்டடத்திற்கு எதிரே நிறுத்தினார். “இந்த வீட்லதான் காந்தி சட்டையக் கழட்டுனாரு. அவங்ககிட்டச் சொல்லு” என்றார்.

நான் திகைத்துப் போனேன். 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் காந்தியடிகள் தம் ஆடையைக் குறைத்து, ஏழை உழவரைப் போல அரையாடை பூண்டார் என்பதை நான் அறிவேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த வீடு எது என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருக்கிறேன். எனக்குத் தேதி தெரியும். அப்பாவுக்கு வாசல் தெரியும்.

அந்த ஆசிரியர் காரை விட்டு இறங்கினார். மூடியிருந்த கடையின் முன்னே கைகளைக் கூப்பிக்கொண்டு சிறிது நேரம் நின்றார். நான் தேதியைச் சொன்னேன். அந்த ஆடை மாற்றத்தின் காரணத்தைச் சொன்னேன். அவர் தம் பேத்திக்கு அதை மராத்தியில் எடுத்துரைத்தார். அன்றைய நாளில் நான் பயன்பட்ட ஒரே இடம் அதுதான். அதுவும் அப்பா வண்டியை அங்கே நிறுத்தியதால்.

அந்த வீடு எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் குஜராத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கடை கடையாகக் கேட்டுக் கண்டுபிடித்தாராம். அப்பாவும் கூடவே அலைந்தாராம். ஓட்டுநர் தம் பாடத்தைக் கற்கும் பள்ளி எது என்பது அன்று எனக்கு விளங்கியது. ஒவ்வொரு பயணியும் ஒரு துண்டுச் செய்தியைக் காரில் விட்டுச் செல்கிறார். அதைப் பொறுக்கி வைத்து அடுத்த பயணிக்குக் கொடுக்கிறார் ஓட்டுநர். அதில் மணியும் உண்டு, பதரும் உண்டு. அதைப் புடைத்துக் கொடுக்கத்தான் ஆளில்லை.

சுரங்கக் கதை

பதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று மதியம் மகாலில் அப்பா வழக்கமாகச் சொல்லும் கதையைச் சொன்னார். மகாலிலிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்கு ஒரு சுரங்கப் பாதை உண்டு என்றும், மன்னர் அதன் வழியாகவே தரிசனத்துக்குப் போய் வந்தார் என்றும் தம் அரைகுறை இந்தியில் சொன்னார். ஊரில் எல்லோரும் சொல்லும் கதைதான். நான் குறுக்கிட்டு, இது வெறும் கட்டுக்கதை, சான்று எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் பட்டென்று சொல்லிவிட்டேன். பேத்தி சிரித்தாள். அப்பாவுக்கு ஆங்கிலம் புரியாவிட்டாலும் சிரிப்பு புரிந்தது. அதன்பின் மகாலில் அவர் வாய் திறக்கவில்லை.

பயணிகளை ரயிலேற்றிவிட்டு வீடு திரும்பும் வழியில், வெகு நேரம் கழித்து அப்பா கேட்டார்: “அந்தச் சொரங்கம் நெசமாவே இல்லையாடா?”

“நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்கு ஆதாரம் இல்லை அப்பா.”

“இருவது வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கேனேடா. ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலையே” என்றார் அவர்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். அவர் பொய் சொல்ல விரும்பியவர் அல்லர். அவருக்கு மெய்யைச் சொல்ல ஒருவரும் வரவில்லை. நம் மாவட்டத்தில் கல்லூரிகள் பல. வரலாற்றுத் துறைகள் பல. ஆண்டுதோறும் நாயக்கர் காலத்தைப் பற்றி ஆய்வேடுகள் எழுதிக் கட்டி அடுக்குகிறோம். அவற்றிலிருந்து ஒரு பக்கமாவது ரயில் நிலையத்துக் கார் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்ததுண்டா? ஊரைப் பார்க்க வருவோர் பேராசிரியரிடம் வருவதில்லை. நேரே ஓட்டுநரிடம்தான் போகிறார்கள். அவர் சொல்வதே நாடு முழுதும் மதுரையின் வரலாறாகப் பரவுகிறது. அப்படியிருக்க, அவர் தவறாகச் சொல்கிறார் என்று நகைக்க நமக்கு என்ன உரிமை?

மகாலைப் பற்றிச் சுரங்கக் கதையைவிடச் சுவையான உண்மைகள் இல்லாமலா போயின? இன்று நாம் காண்பது திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது இதன் பல பகுதிகளைப் பிரித்து எடுத்துச் சென்றார். எஞ்சியதை, சென்னை மாகாண ஆளுநராக 1866 முதல் 1872 வரை இருந்த நேப்பியர் பழுது பார்க்கச் செய்தார். ஒரு காலத்தில் அந்தத் தூண்களுக்கு நடுவே நீதிமன்றங்கள் நடந்தன. பாட்டன் கட்டியதைப் பேரன் பிரித்த கதை எந்தச் சுரங்கத்துக்கும் குறைந்ததன்று!

அட்டையில் இல்லாத நாள்களும் உண்டு. 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை தடுக்கப்பட்டிருந்த மக்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அவர்களுள் பின்னாளில் அமைச்சராகிய கக்கனும் ஒருவர். ஆயிரங்கால் மண்டபத்தில் எத்தனை தூண் என்று எண்ணும் பயணிக்கு, அந்த வாயிலில் நிகழ்ந்த இந்த மாற்றத்தையும் சொல்ல வேண்டாமா? தூணை எண்ணத் தெரிந்தவருக்கு இதுவும் தெரிந்தால் ஊரின் மதிப்பு உயருமே அன்றிக் குறையாது.

கமிஷன் என்னும் கசப்பு

ஓட்டுநரைப் புகழ்ந்து எழுதும்போது ஒரு கசப்பான செய்தியை மறைத்தல் நேர்மையாகாது. பயணிகளைக் கடைக்கு அழைத்துப் போனால் ஓட்டுநருக்குக் கமிஷன் கிடைக்கிறது. சுங்குடிச் சேலையோ பித்தளை விளக்கோ விற்றதில் ஒரு பங்கு அவர் கைக்கு வரும். இதனால் தெப்பக்குளத்தில் செலவாக வேண்டிய ஒரு மணி நேரம் கடையில் கழிகிறது. பயணிக்கும் ஓட்டுநருக்கும் இடையே ஐயம் புகுந்துவிடுகிறது. இவர் எங்கே அழைத்துப் போனாலும் அங்கே இவருக்கு ஏதோ வரும்படி இருக்கும் என்று பயணி நினைக்கத் தொடங்கினால், அவர் மெய்யான அன்போடு காட்டும் இடமும் மதிப்பிழந்து போகிறது.

இதை நான் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். “வாடகை மொதலாளிக்கு, பேட்டா வீட்டுக்கு, கமிஷன் ஒன் படிப்புக்கு” என்றார். என்னால் மேலே பேச முடியவில்லை. நான் வாங்கிய புத்தகங்களிலும் ஏறிய பேருந்துகளிலும் அந்தக் கமிஷன் கலந்திருக்கிறது. ஆகவே இதைக் குற்றம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் இது ஒரு நோய் என்று சொல்லலாம். நோயின் மூலம் குறைந்த கூலி. வாடகை பேசும்போது நூறு ரூபாய் குறைத்துவிட்டதாக மகிழும் பயணி, அதே நூறைக் கடைக்காரரிடம் இருமடங்காகக் கொடுத்துவிட்டுப் போகிறார். பேட்டா வயிறு நிறையும் அளவுக்கு இருந்தால் கடை வாசலில் வண்டி நிற்க வேண்டிய தேவை இராது.

காத்திருக்கும் மனிதர்

பயணி ஊர் பார்க்கும் நேரம் ஓட்டுநர் காத்திருக்கும் நேரம். அவர் எங்கே காத்திருக்கிறார் என்று யாரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? மரநிழல் கிடைத்தால் பாக்கியம். இல்லையேல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொதிக்கும் வண்டிக்குள்ளேயே கண்ணயர வேண்டும். பல இடங்களில் கழிப்பறைக்கும் வழி இல்லை. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து வண்டி கழுவிய மனிதர் இரவு பத்து மணிக்குப் பயணியை ரயிலேற்றுகிறார். மறுநாள் மீண்டும் நான்கு மணி. சில நாள் பயணிகள் ரயிலை விட்டு, இரவோடு இரவாக இராமேசுவரத்துக்கே போகலாம் என்று சொல்லிவிடுவதும் உண்டு. அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. தொலைபேசி மணி அடித்தால் அம்மாவின் கை நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என்று 1961ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வரையறுத்தது. ஆனால் அது ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கே உரியதாக இருந்தது. ஒரு காரும் ஓர் ஓட்டுநரும் வைத்திருக்கும் முதலாளியை அது தொடவில்லை. 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துள் அது அடக்கப்பட்டுவிட்டது. 2023ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, தங்கும் விடுதிகளில் விருந்தினரின் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் அமைய வேண்டும் என்று விதித்தது பாராட்டுக்குரியது. ஆனால் ஒரு நாள் சுற்றுலாவின் ஓட்டுநர் விடுதியில் தங்குவதில்லை. அவர் இருப்பது கோயில் வாசலிலும் மலையடிவாரத்திலும் தெப்பக்குளக் கரையிலும்தான். அங்கே அவருக்கு ஒரு விசிப்பலகையாவது வேண்டாமா? இது ஓட்டுநருக்குச் செய்யும் தருமம் அன்று. பின் இருக்கையில் உறங்கும் குழந்தையின் உயிருக்குச் செய்யும் காப்பு.

எதிர்வாதங்கள்

இவ்வாறு நான் பேசும்போது நண்பர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள்.

வரலாறு சொல்ல வழிகாட்டிகள் இருக்கிறார்களே, ஓட்டுநருக்கு எதற்கு என்பது முதல் கேள்வி. பயிற்சி பெற்ற வழிகாட்டிகளின் இடத்தைப் பிடுங்கி ஓட்டுநருக்குத் தரச் சொல்லவில்லை. கோயிலுக்குள் அவர் பேசட்டும். ஆனால் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் போகும் வழியெல்லாம் உடனிருப்பவர் ஓட்டுநர் ஒருவரே. வழியில்தானே ஊர் இருக்கிறது!

செல்பேசியில் எல்லாம் கிடைக்கிறதே என்பது இரண்டாவது. கிடைக்கிறது, மறுக்கவில்லை. நடை சாத்தும் நேரமும் அதில் கிடைத்திருக்கும், நான்தான் பார்க்கவில்லை. ஆனால் பின் இருக்கையில் ஒரு மூதாட்டிக்கு மூச்சு வாங்குவதைச் செல்பேசி பார்க்காது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிடுகிறார்.

மதுரையைக் காரில் பார்ப்பதே தவறு, நடந்துதான் பார்க்க வேண்டும் என்பது மூன்றாவது. இதில் பாதி உண்மை உண்டு. கோயிலை நடுவில் வைத்துச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சுற்றுச் சுற்றாக அமைந்த இந்நகரின் அழகு நடப்பவருக்கே வசப்படும். ஆகவே விளக்குத்தூண் அருகே இறங்கி ஒரு மணி நேரமாவது நடக்கும்படி பயணிகளுக்கு ஓட்டுநரே சொல்ல வேண்டும். அப்போது அவருக்கும் ஓய்வு; அவர்களுக்கும் ஊர்.

செய்யத் தக்கன

குறை சொன்னவன் வழியும் சொல்ல வேண்டும் அல்லவா? என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைக் கூறுகிறேன்.

பயணிகளுக்கு ஒரு வேண்டுகோள். அட்டையில் உள்ள இடங்களில் பாதியை அடித்துவிடுங்கள். ஒரு நாளுக்கு நான்கு இடம் போதும். வண்டியில் ஏறியதும், எந்த இடத்தை எப்போது பார்த்தால் நல்லது என்று ஓட்டுநரைக் கேளுங்கள். எதைப் பார்க்க இவ்வளவு தொலைவு வந்தீர்கள் என்பதை அவரிடம் சொல்லுங்கள். கடை வேண்டாமென்றால் காலையிலேயே முகம் கோணாமல் சொல்லிவிட்டு, பேட்டாவில் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். நீங்கள் உண்ணும் நேரத்தில் அவர் உண்டாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நகராட்சியாளருக்கும் சுற்றுலாத் துறையினருக்கும் ஒரு வேண்டுகோள். வண்டி நிறுத்துமிடத்துக்குக் கட்டணம் வாங்குகிறீர்கள். அங்கே ஒரு கூரையும் குடிநீரும் கழிப்பறையும் அமைத்துக் கொடுங்கள்.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வரலாற்றுத் துறை ஓட்டுநர்களை அழைத்து உட்கார வைத்துப் பேசலாம். கையடக்கமாக எட்டுப் பக்கத்தில் மதுரை வரலாற்றை எளிய தமிழில் அச்சிட்டுக் கொடுக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்யலாம்: அவர்களைப் பேசவிட்டு நாம் குறிப்பெடுக்கலாம். எந்த வீதியில் எந்த வீடு, எந்தத் திருவிழாவுக்கு எந்த வழி, எந்தக் கல்லில் எந்த நேரத்தில் ஒளி விழும் என்பதெல்லாம் எந்த நூலகத்திலும் கிடைக்காத ஏடுகள் அல்லவா?

இதை வெறும் பேச்சாக விடாமல் என் வீட்டிலேயே தொடங்கிவிட்டேன். ஒருநாள் அப்பாவிடம், அவர் நாள்தோறும் வண்டி திருப்பும் இரண்டு தெருக்களின் கதையைச் சொன்னேன். 1840களில் மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவர்களை இடித்து அகழியைத் தூர்த்து நகரை விரித்தார். அந்தப் பணியில் ஈடுபட்ட மாரெட் என்ற நில அளவையாளரின் பெயரால்தான் மாரட் வீதி. மேற்பார்வை பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரால்தான் பெருமாள் மேஸ்திரி வீதி. பிளாக்பர்ன் நினைவாக நட்டதே விளக்குத்தூண். அப்பா வாயடைத்துப் போனார். “ஒரு மேஸ்திரி பேர்லயா தெரு வச்சாங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இப்போது அந்தத் தெருவுக்குள் நுழையும் ஒவ்வொரு பயணிக்கும் அதைச் சொல்கிறார். மன்னர் பெயரைச் சொல்லும்போது இல்லாத ஒரு நிமிர்வு அப்போது அவர் குரலில் இருக்கிறது.

சுரங்கக் கதை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? சென்ற மாதம் ஒரு குடும்பத்தோடு மகாலுக்குப் போனபோது நானும் உடனிருந்தேன். தூணோரமாக நின்றுகொண்டு அப்பா இப்படிச் சொன்னார்:

“இங்கேருந்து கோயிலுக்குச் சொரங்கம் இருக்குன்னு ஊர்ல சொல்லுவாங்க சார். காலேஜ்ல படிக்கிற எம்பையன் அதுக்கு ஆதாரம் இல்லைங்கிறான். ரெண்டையும் சொல்லிட்டேன்.”

எந்த வரலாற்று ஆசிரியரும் இதைவிட நேர்மையாகப் பாடம் நடத்திவிட முடியாது.